மதுரை வெயிலில் பெர்ஷியன் பூனை: வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன சித்திரையில் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் தன் பெர்ஷியன் பூனையைத் துண்டில் சுற்றி எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். "அக்கா, தொட்டாலே கடிக்க வருதுக்கா. ஒரு வாரமா இப்படித்தான் இருக்கு" என்றார். முதுகைப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. முன்னங்காலை மெதுவாகத் தூக்கினேன். அக்குளில் முடி திரண்டு, பழைய கம்பளித் துண்டு போலக் கெட்டியாகித் தோலோடு ஒட்டிக் கிடந்தது. அது ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அந்தச் சடை தோலைப் பிடித்து இழுத்திருக்கும். கடிக்காமல் என்ன செய்யும்? தம்பி தினமும் சீவித்தான் விட்டிருக்கிறார், முதுகை மட்டும்.

எங்கள் பெர்ஷியன் ராசாவுக்கு இப்போது ஒன்பது வயது. வந்த புதிதில் நானும் முதுகைத்தான் சீவினேன். இதுவும் பூனைதானே, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் என்ற நினைப்பு. நாட்டுப் பூனைக்கு அது சரி, அதற்கு நாக்கே சீப்பு. பெர்ஷியனுக்கு முடி நான்கைந்து அங்குலம் நீளும், அதற்கு அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த உள்முடி வேறு. 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியிலேயே இந்த இனம் இருந்தது. அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக நீள முடியும் தட்டை முகமும் வரும்படி மனிதர்கள் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். அப்படி உருவான முடியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.

சடை பிடிக்கும் இடங்கள் எல்லாம் கண்ணில் படாத இடங்கள்: காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, அக்குள், வயிறு, பின்தொடையின் உள்பக்கம், வாலின் அடி. சீவ ஆரம்பிக்கும்போதே அங்கிருந்து ஆரம்பியுங்கள். மேலாக பிரஷ் ஓட்டினால் மேல்முடி மட்டும் படியும், உள்முடி அடியில் பின்னிக்கொண்டே இருக்கும். நான் செய்வது இதுதான். ராசாவை மடியில் சாய்த்து, இடது கையால் முடியை மேலே ஒதுக்கித் தோல் தெரிகிற மாதிரி ஒரு கோடு எடுப்பேன். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் முடியை அகலப் பல் உள்ள ஸ்டீல் சீப்பால் அடியிலிருந்து நுனி வரை சீவுவேன். பிறகு அடுத்த கோடு. சீப்பு தடையில்லாமல் போனால் அந்த இடம் முடிந்தது. பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். நான்கு நாள் விட்டுப் பிடித்தால் அரை மணி நேரம் ஆகும், பூனையும் பொறுமை இழந்துவிடும்.

சின்னச் சிக்கு கையில் பட்டால் கொஞ்சம் சோளமாவை (கடையில் கார்ன் ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளை மாவு) தூவி விரலால் பிரித்துவிடுங்கள். அடிமுடியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவினால் தோல் இழுபடாது. கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, தளர்வானது. சடையை இழுத்துப் பிடித்தால் தோலும் கூடாரம் மாதிரி எழுந்து அதற்குள் வந்துவிடும், வெட்டும்போது எது முடி எது தோல் என்று தெரியாது. கெட்டியான சடையை டிரிம்மரால்தான் எடுக்க வேண்டும். தம்பியின் பூனைக்கு இரண்டு அக்குளிலும் டாக்டர்தான் எடுத்தார். அடியில் தோல் சிவந்து புண்ணாகிக் கிடந்தது.

குளிப்பாட்டினால் சிக்கு விடும் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. நம் தலைமுடிக்கு அது சரியாக இருக்கலாம். இந்த முடியில் ஏற்கெனவே இருக்கும் சிக்கு, தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் இறுகிக் கட்டியாகிவிடும். முதலில் முழுதாகச் சீவ வேண்டும், அப்புறம்தான் தண்ணீர். நம் ஷாம்பு அதன் தோலுக்கு ஒத்துவராது, பூனைக்கென்று விற்பதையே வாங்குங்கள். குளித்து முடித்ததும் "வெயில் அடிக்குதே, தானா காஞ்சிடும்" என்று மொட்டை மாடியில் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல்முடி காய்ந்துவிடும், உள்முடி ஈரமாகவே இருக்கும், கூடவே சூடும் ஏறும். துண்டால் ஒற்றி எடுத்து, டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்து, சீவிக்கொண்டே அடிவரை காய வைக்க வேண்டும். ஈரம் தங்கினால் தோல் கெடும். நீள முடிப் பூனைகளுக்குப் படர்தாமரையும் எளிதில் வரும். வட்டமாக முடி உதிர்ந்து செதில் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அது பூனையைத் தூக்கிக் கொஞ்சுகிற குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

பங்குனி பிறந்ததும் வரும் கேள்வி: "மொட்டை அடிச்சிடலாமா?" எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு மொட்டை அடிப்பதால் பெரிதாகக் குளிர்ச்சி வந்துவிடாது. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணிக்கும் வழி அதற்கு இல்லை, வியர்வை பாதத்தில் மட்டும்தான். ஜன்னல் வெயிலில் படுத்தால் வெறும் தோல் கன்றிப்போகும். முடி பழைய நீளத்துக்கு வளரப் பல மாதம் ஆகும். வயிற்றிலும் மலவாயைச் சுற்றியும் முடியைக் குறைப்பது வேறு விஷயம், அது சுத்தத்துக்கு நல்லது. உடம்பு முழுக்கச் சடை பிடித்து வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னால் அப்போது எடுக்கலாம்.

வெயிலுக்குச் செய்ய வேண்டியது இடத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான். இங்கே கத்திரியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மேல்தளம் காங்கிரீட் என்றால் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். மதியம் முழுவதும் பூனையை மாடி அறையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். கீழ்த்தளத்தில் சிமெண்டுத் தரையோ டைல்ஸோ உள்ள அறை, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர், ஒரு மண்பானை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். அன்று பகல் முழுக்க ஃபேனும் இருக்காது. நான் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணியில் சுற்றி ராசா பக்கத்தில் வைப்பேன். வேண்டும்போது சாய்ந்துகொள்வான், போதும் என்றால் எழுந்து போய்விடுவான். டாக்டரிடம் போவதென்றால் காலையிலேயே போங்கள். நண்பகலில் பைக்கில் மூடிய கூடைக்குள் வைத்துக் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்பது பூனைக்கு ஆபத்து.

பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது விளையாட்டில்லை. தட்டை மூக்குக்காரர்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல், சூடு சீக்கிரம் ஏறிவிடும். எச்சில் வடிந்தாலோ, தள்ளாடினாலோ, பாதத்தையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, காற்றுப் படும்படி வைத்து உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரை ஊற்றாதீர்கள். வாயில் தண்ணீரைப் புகட்டவும் கூடாது, புரையேறிவிடும்.

இந்த மூக்கு விஷயத்தை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். கடைக்காரர்கள் டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ் என்று பிரித்து, மூக்கு உள்ளே போகப்போக விலையை ஏற்றுவார்கள். மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுக்குக் குறட்டை, கண்ணில் நீர் வழிதல், சாப்பிடச் சிரமம் எல்லாம் கூடும். மதுரைக்கு டால் ஃபேஸே போதும். அதற்கும் கண்ணோரத்தைத் தினமும் ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டியிருக்கும். நாற்பது நாள் குட்டியைத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறைந்தது எட்டு வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் தாயோடு இருக்கட்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் சிறுநீரகக் கட்டி நோய்ப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். பெர்ஷியனில் பரவலாக உள்ள பரம்பரை நோய் அது. தாய், தகப்பன் யாராவது ஒருவரிடமிருந்து அந்த மரபணு வந்தாலே போதும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் மெல்ல வளர்ந்து, நடுவயதில்தான் தெரியவரும்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் நடக்கும் தவறு பாலும் தயிர்சாதமும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். பின்பக்க நீள முடியில் அது ஒட்டிக்கொண்டால் என்ன பாடு என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். சைவ வீடாக இருந்தாலும் பூனை சைவம் ஆகாது. டாரின் என்ற சத்து அதற்குச் சாப்பாட்டிலிருந்தே கிடைத்தாக வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வீட்டில் கறி சமைக்க மாட்டீர்கள் என்றால் பூனைக்கென்று விற்கும் முழு உணவை வாங்கிப் போடுங்கள்.

வீட்டில் இருக்கும் ஆபத்துகளில் நான் அதிகம் பயப்படுவது பூக்கட்டும் நூலுக்கு. மல்லிகைப் பூ பூனைக்கு விஷமில்லை. வாடிய சரத்தைக் கழற்றி மேசையில் போட்டால், பூனை பூவை விட்டுவிட்டு நூலைத்தான் பிடிக்கும். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை, உள்ளே போன நூலைத் துப்ப முடியாது. ஒரு முனை நாக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ள மறுமுனை குடலுக்குள் இறங்கினால் குடலே அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். எங்கள் வீட்டில் சரம் தலையிலிருந்து இறங்கினால் நேராக மூடி போட்ட குப்பைக்கூடைக்குத்தான். வீடு துடைக்கப் பினாயில் வேண்டாம், பாதத்தில் ஒட்டியதை நக்கி விழுங்கும். காய்ச்சல் என்று நம் பாராசிட்டமாலைக் கொடுத்தால் ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் போடாதீர்கள், பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

கடைசியாக, ஆண் பூனை வைத்திருப்பவர்களுக்கு. இரண்டு வருடம் முன்பு ஒரு ராத்திரி ராசா மண் தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். முக்கினான், ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்துக் காலை வரை விட்டுவிட்டேன். சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை குறுகல், முழுதாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ட்யூப் போட்டு எடுத்தார்கள், மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தான். அதன் பிறகு உலர் உணவைக் குறைத்து, ஈர உணவில் தண்ணீர் கலந்து வைக்கிறேன். தட்டு மண்ணை அள்ளும்போது சிறுநீர் பட்டுத் திரண்ட மண் கட்டிகளை எண்ணுகிறேன். ராசாவுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று. இரண்டாகக் குறைந்தால் அன்று தண்ணீரைக் கூட்டுவேன். ஒன்றுமில்லாமல் முக்கிக்கொண்டிருந்தால், மணி எத்தனையாக இருந்தாலும் கூடையை எடுத்துவிடுவேன்.