சாலையைக் கடக்கும் முன் ஒரு விஷயம்

வண்டிக்காரர் நம் பக்கம் பார்க்கிறார் என்றதும் காலை எடுத்து வைத்துவிடாதீர்கள். கண் இங்கே இருக்கும், கவனம் வேறெங்கோ இருக்கும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் நடத்தி 1999-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சாட்சி. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி வீடியோ காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேடத்தில் ஒருவர் வந்து நின்று, நெஞ்சில் தட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய பாதிப் பேர் கவனிக்கவே இல்லை! கொரில்லாவே தப்பும்போது நாம் எம்மாத்திரம்?

அதனால் ஓட்டுநரின் முகத்தை நம்பாமல் சக்கரத்தைப் பாருங்கள். கையை உயர்த்திக் காட்டுங்கள், வண்டி நிற்கட்டும், அப்புறம் நடங்கள். பள்ளிக்குத் தனியாகப் போகும் பிள்ளைகளுக்கு இதை இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள்.