பனிக்காலக் கீரையில் ரொட்டி, பிஸ்கட், கடையல்: ஈரத்தைப் பிடித்தால் செய்முறை கைவசம்

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் சந்தையில் வெந்தயக்கீரை, பாலக், கொத்தமல்லி, இலையோடு கூடிய முள்ளங்கி எல்லாம் தளதளவென்று வந்து குவியும். புதிதாக எதையாவது செய்து பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. அதற்காகப் பத்துச் செய்முறைகளைத் தேடிச் சேர்க்க வேண்டாம். நம்பகமான ஒரு ரொட்டி மாவு, ஒரு பிஸ்கட் மாவு, ஒரு கடையல், இந்த மூன்றும் கைக்குப் பழகிவிட்டால் போதும். அதற்குப் பிறகு கீரையை மாற்றினாலே புதுப் பண்டம். மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது ஈரம். அடுத்துதான் கசப்பும் புளிப்பும்.

பாலக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். முருங்கை இலையில் எண்பதுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றுக்கு எழுதிய அளவை மற்றொன்றுக்கு அப்படியே போட்டால் மாவு குழைந்துபோவது இதனால்தான்.

கழுவுவதும் பிழிவதும்

மழைக்குப் பின் வரும் கீரையில் மண் அதிகம். அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, கீரையை அலசி, கையால் மேலே அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலையிலேயே படியும். அடியில் மணல் தங்காமல் போகும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாலக்கை நன்றாகக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் மட்டும் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி, கைப்பிடி கைப்பிடியாக இறுக்கிப் பிழியுங்கள். பிறகு மெல்லிய துணியில் கட்டி இன்னொரு முறை முறுக்க வேண்டும். கையால் பிழிந்தது போதும் என்று தோன்றும். துணியில் முறுக்கினால்தான் இன்னும் எவ்வளவு நீர் இருந்தது என்று தெரியும். பாலக் வெந்த நீரில் ஆக்சாலிக் அமிலம் இறங்கியிருக்கும். அதைக் கொட்டிவிடலாம்.

வெந்தயக்கீரையை வேகவைக்கக் கூடாது, மணமே போய்விடும். தண்டு நீக்கி நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்பு பிசிறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்தால் கசப்பும் நீரும் சேர்ந்து இறங்கும். அந்த உப்பில் கொஞ்சம் கீரையிலேயே தங்கும் என்பதால் மாவில் போடும் உப்பைச் சிறிது குறைத்துக்கொள்ளுங்கள்.

கீரை ரொட்டி

மைதா 200 கிராம், கோதுமை மாவு 100 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் 170 மில்லி, பிழிந்து நறுக்கிய பாலக் 75 கிராம். பூண்டு சேர்ப்பதானால் எண்ணெயில் வதக்கிச் சேருங்கள். பச்சைப் பூண்டு அதிகமானால் ஈஸ்ட் மந்தப்பட்டு மாவும் தளர்ந்துவிடும்.

கீரை இல்லாமல் மாவை முதலில் பத்து நிமிடம் பிசைய வேண்டும். இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும் பதம் வந்த பிறகே கீரையைத் தூவி மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே போட்டால் உப்பு பட்டு இலை நீர் விடும், மாவு கையில் ஒட்டும், ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவுவோம், ரொட்டி கல்லாகிவிடும். கீரை ரொட்டி கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குளிரில் மாவு மெல்லத்தான் பொங்கும். கோடையில் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகும் மாவுக்கு இப்போது இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இன்னும் அதிகம். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவின் அளவைப் பாருங்கள். அவசரத்துக்கு ஈஸ்ட்டைக் கூட்டினால் புளித்த வாடைதான் மிஞ்சும். அணைத்து வைத்த ஓவனுக்குள் மாவோடு ஒரு கிண்ணம் வெந்நீரையும் வைத்துக் கதவை மூடிவிட்டால் போதுமான கதகதப்பு கிடைக்கும்.

பொங்கிய மாவை அமுக்கி, உருட்டி, எண்ணெய் தடவிய ரொட்டி டின்னில் வைத்து, மறுபடி முக்கால் மணி நேரமாவது பொங்க விடுங்கள். 190 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். அடிப்பக்கம் தட்டினால் வெற்றொலி வர வேண்டும். முழுதாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும். உள்ளே இலையைச் சுற்றிப் பசைபோல ஒட்டினால் கீரையைச் சரியாகப் பிழியவில்லை, அல்லது சூட்டிலேயே வெட்டிவிட்டீர்கள்.

வெந்தயக்கீரை பிஸ்கட்

பெங்களூரு பேக்கரிகளின் காரா பிஸ்கட்டுக்கு நெருங்கிய உறவு இது. மைதா 150 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 75 கிராம், பொடித்த சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் இரண்டு, சீரகம், கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி. உப்பிட்டுப் பிழிந்த வெந்தயக்கீரை ஒரு கைப்பிடியை வெறும் வாணலியில் ஈரம் போக வதக்கி, ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். சூட்டோடு போட்டால் வெண்ணெய் உருகி பிஸ்கட் தட்டில் பரந்துவிடும்.

வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்த்து, மற்றவற்றைச் சேர்த்து, தயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிசையாமல் சும்மா கூட்டிச் சேருங்கள். 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டி, 170 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். ஆறிய பிறகும் மொறுமொறுப்பு வரவில்லை என்றால் 130 டிகிரியில் இன்னொரு பத்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும்.

இதே மாவில் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் நன்றாக வரும், சதகுப்பைக் கீரை இன்னும் அருமை. புளிச்சகீரை போடுவதானால் தயிரைக் குறைத்து, அந்த அளவுக்குப் பால் விட்டுக்கொள்ளுங்கள். நிறம் பழுப்பாகும், அது கீரையில் உள்ள அமிலத்தால் வருவது, கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

ஓவன் இல்லாத வீட்டில் கனமான பாத்திரத்தில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிய பிறகு தட்டை வைக்கலாம். குக்கரில் செய்தால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். பிஸ்கட் இதில் நன்றாக வரும். ரொட்டி வெந்தாலும் மேல்பக்கம் சிவக்காது.

கடையலும் பொரியலும்

அரைக்கீரையோ சிறுகீரையோ 200 கிராமுக்குப் பாசிப்பருப்பு 50 கிராம் கணக்கு. பருப்பு முக்கால் பதம் வெந்ததும் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம், கீரை எல்லாம் போட்டு, மூடாமல் ஏழெட்டு நிமிடம் வேகவிடுங்கள். மூடினால் கீரையிலிருந்து ஆவியோடு வெளியேற வேண்டிய அமிலம் உள்ளேயே தங்கிப் பச்சை நிறம் மங்கும். நிறத்துக்காகச் சோடா உப்பு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கீரை கொழகொழத்து விட்டமினும் கெடும். உப்பை மசித்த பிறகு போடுவதே நல்லது, ஏனென்றால் பச்சையில் மலைபோலத் தெரியும் கீரை வெந்தால் ஒரு கிண்ணம்தான், கண்ணளவில் போட்ட உப்பு கரித்துவிடும். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து, பனிக்காலத்துக்குக் கொஞ்சம் மிளகும் தட்டிப் போடலாம்.

முள்ளங்கி இலையைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். இளசாக இருந்தால் நேரே நறுக்கி, அரை மணி நேரம் ஊறிய பாசிப்பருப்போடு வதக்கி, தேங்காய்த் துருவல் சேர்த்தால் அன்றைக்கே ஒரு பொரியல். முற்றிய இலையில் சுணை இருக்கும், அதை ஒரு கொதி விட்டுப் பிழிந்து, மேலே சொன்ன ரொட்டியில் பாலக்குக்குப் பதில் அதே 75 கிராம் போடுங்கள். கடுகைப் போன்ற அந்த இலையின் லேசான காரம் ரொட்டியில் ஏறும்.

பிழிந்த கீரை மிஞ்சினால் 75 கிராம் உருண்டைகளாக ஃபிரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். உருகும்போது மறுபடி நீர் விடும், சேர்ப்பதற்கு முன் இன்னொரு முறை பிழிய வேண்டும்.