பேதி கண்ட குழந்தைக்கு ஓஆர்எஸ்: கலக்குவதும் கொடுப்பதும்

ஐப்பசி அடைமழையில் வாய்க்காலும் கைபம்பும் கலங்கிக் கிடக்கும்போது டெல்டாப் பக்கம் எந்தத் தெருவிலும் இரண்டு குழந்தைகளுக்காவது வயிற்றால் போகும். பேதியில் குழந்தை துவண்டுபோவது தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால்தான். ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் அந்த இழப்பை ஈடுகட்டும், பேதியை நிறுத்தாது. இது தெரியாமல், ‘கொடுத்தும் நிக்கலையே’ என்று இரண்டு டம்ளரோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பொட்டலத்தின் பின்பக்கம் எத்தனை மில்லிக்கு என்று அச்சிட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பெரியது 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. 1 லிட்டர் அளவில் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே நுழையும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியிலும் இந்த வழி அடைபடாது. 1971 போரின்போது வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, டிரிப் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹலனபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து கொடுத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றினார்.

அளவு பிசகினால் மருந்தே கெடுதலாகும். பெரிய பொட்டலத்தில் ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்து டம்ளரில் போடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. நாலு பொடிகளின் கலவை அது. எந்த ஸ்பூனில் எது தூக்கலாக வரும் என்று சொல்ல முடியாது. உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகும். சர்க்கரை கூடினால் குடலுக்குள் தண்ணீர் இழுபட்டுப் பேதி அதிகமாகும். எவர்சில்வர் டம்ளரையும் நம்பாதீர்கள், வீட்டுக்கு வீடு அளவு வேறு. கடையில் வாங்கிய 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பழைய மட்டம் வரை நிரப்பினால் அளவு சரியாக இருக்கும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, அளந்து, முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கொட்டித் தெளியும்வரை கலக்குங்கள். பெரியவர் ஒருவர் ருசி பாருங்கள்: கண்ணீர் அளவுக்குக் கரிக்கலாம், அதற்கு மேல் கரித்தால் கொட்டிவிடுங்கள். பால், ஜூஸ், இளநீர், சர்க்கரை எதையும் இதில் சேர்க்கக் கூடாது. கலந்தபின் சுட வைக்கவும் கூடாது. 24 மணி நேரம் தாண்டியது வீண். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறை நீராகப் போன பிறகும், 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. இரண்டு மாதத்துக்கும் சின்னக் குழந்தை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஃபீடிங் பாட்டில் வேண்டாம், டம்ளரும் கரண்டியும் போதும். தாகத்தில் குழந்தை மடக் மடக்கென்று குடித்து, குடித்ததை அப்படியே கக்கும். பயப்படாமல் 10 நிமிஷம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று ஊற்றுங்கள். கை வலிக்கும் வேலைதான். பாட்டியும் அத்தையும் மாற்றி மாற்றி உட்காரலாம்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழைந்த சாதம், உப்பிட்ட கஞ்சி, மோர், இட்லி என்று பழகின சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ‘வயிற்றைக் காயப்போடு’ என்பது குழந்தைக்குப் பொருந்தாது. பேதியை நிறுத்த மெடிக்கலில் நீங்களே மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் போடும் லோபராமைடு சின்னக் குழந்தையின் குடலை அசையவிடாமல் செய்துவிடும். தொக்கம் எடுக்க, உரம் எடுக்க என்று நாட்டு வைத்தியத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைகிற இரண்டு மணி நேரத்தில் உடம்பு வற்றிவிடும்.

கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். சட்டென்று பழையபடி படியாமல் மடிந்தே நின்றாலும் அப்படித்தான். மலத்தில் ரத்தம், குடிக்க முடியாத நிலை, எழுப்பினாலும் மயங்கியே கிடப்பது, இவற்றுக்கு உடனே 108. விழுங்க முடிகிற குழந்தைக்கு வண்டியிலும் ஸ்பூன் நிற்கக் கூடாது.

கூடவே துத்தநாக மாத்திரை, 14 நாள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம். இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10, அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. ஒரு ஸ்பூன் தண்ணீரில், கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலில், கரைத்துக் கொடுங்கள். மூன்றாம் நாளே பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். உடைத்த மாத்திரையின் மீதிப் பாதியை ஈரம் படாத சின்ன டப்பாவில் மூடி வைத்தால் மறுநாளைக்கு ஆகும்.