சிஜிபிஏ மூன்றுக்குக் கீழே இருந்தாலும் முதலீட்டு வங்கிக்குள் போகலாம்

பெரிய வங்கிகளின் பட்டதாரித் திட்டத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது சிஜிபிஏ, அதாவது நான்குக்கு எவ்வளவு என்ற மொத்த மதிப்பெண் சராசரி, கேட்கும் கட்டம் ஒன்று வரும். பல இடங்களில் 3.0, சில இடங்களில் 3.3. அதற்குக் கீழே எண்ணைப் போட்டால் உங்கள் விண்ணப்பத்தை ஓர் ஆள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சுங்கை சிப்புட்டில் வளர்ந்து 2.68 வாங்கிப் பட்டம் முடித்தவள் நான். இன்று கோலாலம்பூரில் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் வேலை பார்க்கிறேன், அதாவது நிறுவனங்கள் பங்கு விற்றுப் பணம் திரட்டவும் இன்னொரு நிறுவனத்தை வாங்கவும் ஆலோசனை சொல்லும் முதலீட்டு வங்கி வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் தம்பி தங்கைகள் வழி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், அந்த எண்ணைத் தொடாதீர்கள். 2.68ஐ 2.7 என்று எழுதுவதுகூட வேண்டாம். நிதி நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும் முன் பின்னணியைச் சரிபார்க்கும். பல்கலைக்கழகத்திடமே கேட்கும். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனில் பாக்கி இருந்தால் அதையும் இப்போதே பேசி, மாதக் கட்டணத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். முதல் வகுப்பு வாங்கியவர்களுக்கு அந்தக் கடன் உபகாரச் சம்பளமாக மாறலாம். நாம் கட்டித்தான் ஆக வேண்டும். பணத்தைக் கையாளும் வேலைக்குப் போகிறவர் தன் கடனை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்ப்பது நியாயம்தானே.

அடுத்தது, எங்கே விண்ணப்பிப்பது. முதலீட்டு வங்கி என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிவது மூன்று நான்கு பெரிய பெயர்கள்தான். ஆனால் நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில், வளரும் நிறுவனங்களுக்கான ஏஸ் சந்தையில் ஒரு சிறு நிறுவனம் பட்டியலாக வேண்டுமென்றால், அது தகுதியானதா என்று பார்த்துப் பொறுப்பேற்கும் ஒரு ஸ்பான்சர் கட்டாயம் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நடுத்தர முதலீட்டு வங்கிகளும் பங்குத் தரகு நிறுவனங்களும் பல இருக்கின்றன. புர்சா இணையத்தளத்தில் கடந்த இரண்டு வருடப் புரோஸ்பெக்டஸ்களை, அதாவது புதுப் பங்கு விற்கும் நிறுவனங்களின் விளக்க அறிக்கைகளை, திறந்து அட்டையை மட்டும் பாருங்கள். ஆலோசகர், ஸ்பான்சர், அண்டர்ரைட்டர் (விற்காத பங்கைத் தானே வாங்கிக்கொள்வதாக உறுதி தருபவர்) என்று பெயர்கள் அங்கேயே அச்சாகியிருக்கும். யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அவர்களிடம் வேலை குவிந்து கிடக்கிறது, ஆள் தேவை. இவற்றில் சின்னக் குழுக்களில் விண்ணப்பங்களைப் பெரும்பாலும் குழுத் தலைவரே படிப்பார்.

அதுவும் அமையவில்லை என்றால் கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் மதிப்பீட்டுப் பிரிவு அல்லது டியூ டிலிஜென்ஸ் பிரிவு, அதாவது வாங்கப்போகும் நிறுவனத்தின் கணக்கைத் துருவிப் பார்க்கும் பிரிவு. அதுவும் இல்லையென்றால் ஈப்போவிலேயே ஒரு வர்த்தக வங்கியின் தொழில்கடன் பிரிவு. கம்பெனிக் கணக்கைப் படித்துக் கடன் கொடுக்கலாமா என்று எழுதிப் பழகியவருக்கு அங்கிருந்து மாறுவது எளிது. எனக்குத் தெரிந்த பலர் இப்படிச் சுற்றித்தான் வந்தார்கள்.

பட்டம் முடிந்தபின் சிஜிபிஏயை மாற்ற முடியாது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மதிப்பெண்ணை வைக்கலாம். சிஎஃப்ஏ என்பது நிதித் துறையின் அனைத்துலகத் தகுதித் தேர்வு, அதன் முதல் நிலையில் 180 கேள்விகள். உங்கள் சிஜிபிஏ என்னவென்று அங்கே யாரும் கேட்பதில்லை. கட்டணம் நம் காசில் சில ஆயிரம் வெள்ளி ஆகும். வசதி குறைந்தவர்களுக்கு அவர்களே ஆக்சஸ் ஸ்காலர்ஷிப் என்ற கட்டணச் சலுகை தருகிறார்கள், அதற்கு முதலில் எழுதிப் போடுங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமத் தேர்வுகள் இதைவிட மலிவு. எஸ்ஐடிசி என்ற அதன் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. இந்த வேலைக்கு உரிமம் எப்படியும் தேவைப்படும், முன்கூட்டியே எழுதியவரை முதலாளிக்குப் பிடிக்கும்.

ஆனால் எனக்குக் கதவைத் திறந்தது தேர்வு இல்லை. நான் கையில் கொண்டுபோன எட்டுப் பக்கத் தாளும் ஓர் எக்செல் கோப்பும்தான். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்: தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரு தொழிலை இந்த நாட்டு வங்கிக்காரர்கள் நாள்தோறும் விலை மதிப்பிடுகிறார்கள். செம்பனையைப் பற்றி எழுதுங்கள்.

ஓர் உதாரணம் தருகிறேன். 2021இல் கேஎல்கே, அதாவது கோலாலம்பூர் கெப்போங் என்ற தோட்ட நிறுவனம், ஐஜேஎம் பிளான்டேஷன்ஸ் நிறுவனத்தின் 56.2 விழுக்காட்டுப் பங்கை ஒரு பங்கு 3.10 வெள்ளி என்று ஏறக்குறைய 153 கோடி வெள்ளிக்கு வாங்கியது. இங்கே கணக்கைத் தொடங்குங்கள். 56.2 விழுக்காட்டுக்கு 153 கோடி என்றால் முழுப் பங்குகளுக்கும் சுமார் 272 கோடி. அதோடு நிறுவனத்தின் நிகரக் கடனை (கடனிலிருந்து கையிருப்பு ரொக்கத்தைக் கழித்தது) கூட்டி, பயிரிட்ட ஹெக்டேரால் வகுத்தால் ஒரு ஹெக்டேர் என்ன விலைக்குப் போனது என்று வரும். அதே காலத்தில் கைமாறிய மற்றத் தோட்டங்களின் விலையை அருகில் வையுங்கள். பிறகு சட்டம். பட்டியலான நிறுவனத்தில் ஒருவர் கை 33 விழுக்காட்டைத் தாண்டினால் மீதிப் பங்குதாரர்களிடமும் வாங்க முன்வர வேண்டும். கேஎல்கேயும் அதே 3.10 வெள்ளிக்கு முன்வந்தது. விற்றவர் பக்கம், பரிவர்த்தனையின் அளவு 25 விழுக்காட்டைத் தொட்டால் பங்குதாரர் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது புர்சா விதி. அதற்காகப் பங்குதாரர்களுக்கு அனுப்பிய சர்குலர் என்ற விளக்க அறிக்கை முழுவதும் புர்சா தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. நீங்கள் சேரப்போகும் வேலையில் முதல் வருடம் எழுதப்போவது அந்த மாதிரித் தாளைத்தான்.

இதுவரை எந்தப் பட்டதாரியும் செய்துவிடுவார். எங்கள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக, இருந்தவர். என் தாளை அவரிடம் காட்டி, இந்தக் கம்பெனிக்கு இவ்வளவு ஹெக்டேர் என்றேன். "மரத்துக்கு என்ன வயசு?" என்றுதான் முதலில் கேட்டார். செம்பனை மூன்றாம் வருடம் காய்க்கத் தொடங்கும், நடுவயதில் அள்ளிக் கொடுக்கும், 25 வயது வாக்கில் வெட்டி மறுநடவு செய்ய வேண்டும். "இருபது வயசு மரத்துல அரிவாக் கம்பு குலைக்கு எட்டவே பாடுபடணும். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து போயிரும். சின்ன மரத்துல வெட்டுற குலையில பாதிகூட ஒரு நாளைக்கு வெட்ட முடியாது" என்றார். அதாவது கிழட்டு மரத்தில் ஒரு டன்னுக்கான கூலி ஏறும், விளைச்சலோ இறங்கும். ஆண்டறிக்கைகளில் மரங்களின் வயதுப் பட்டியல் அச்சாகியிருக்கும். அதைப் பிரித்து, வயதுக்கேற்ற விளைச்சலைப் போட்டு, மறுநடவுச் செலவையும் ஏற்றினேன். ஒரே பரப்பளவுள்ள இரண்டு நிறுவனங்களின் மதிப்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

விலையையும் ஒரே எண்ணாக வைக்காதீர்கள். கச்சா பனை எண்ணெய் 2022 மார்ச்சில் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியது, அதே வருடம் ஜூலையில் 4,000க்குக் கீழே இறங்கியது. ஒரு ஹெக்டேரில் 20 டன் குலை, அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று வைத்தால் 4 டன். இரண்டு விலையிலும் பெருக்கிப் பாருங்கள்: 28,000 வெள்ளி, 16,000 வெள்ளி. செலவு மட்டும் அப்படி இறங்காது.

பிறகு கடிதம். "வேலை இருக்கிறதா" என்று எழுதாதீர்கள். லிங்க்ட்இன்னில் அந்தச் சிறிய நிறுவனங்களின் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் ஆட்களைத் தேடி, ஐந்து வரிக்குள் முடியுங்கள்: நான் யார், இந்தப் பரிவர்த்தனையைப் பற்றி இப்படி ஒரு கணக்குப் போட்டேன், இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம், பதினைந்து நிமிடம் கிடைக்குமா. பலர் பதில் போட மாட்டார்கள். போடுகிறவர் தாளை அனுப்பச் சொல்வார்.

நேர்முகத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். நான் சொன்னது: "அம்மாவின் டயாலிசிசுக்காக அடிக்கடி ஊருக்கு வரவேண்டியிருந்தது. கடைசி இரண்டு செமஸ்டரில் கணக்கியல், நிதித் தாள்கள் எல்லாம் ஏ." உங்களுக்குச் சொல்ல அப்படி ஒரு காரணம் இல்லாவிட்டால் பின்னால் ஏறிய மதிப்பெண்களை மட்டும் காட்டுங்கள். இரக்கத்தைக் கேட்டு வாங்காதீர்கள், அது சம்பளப் பேச்சு வரை கூடவே வரும். அடுத்து மூன்று நிதி அறிக்கைகளும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைகின்றன என்று கேட்பார்கள். தேய்மானம் 10 வெள்ளி கூடினால் லாபம், ரொக்கம், இருப்புநிலை மூன்றிலும் என்ன ஆகும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்லத் தெரிய வேண்டும்.

தோட்டம் விற்பதும் வாங்குவதும் நமக்கு அந்நியமான பேச்சே இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிய சங்கம் அது. தாத்தா பாட்டி அந்தப் பங்கை வாங்கியிருந்தால் அவர்களிடம் விவரம் கேட்டு வையுங்கள்.

வேலை கிடைத்த முதல் நாளிலிருந்தே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கைவைத்த ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு வரி: நிறுவனம், தொகை, நீங்கள் செய்த பகுதி. வெளியே அறிவிக்காததை எழுதக் கூடாது, புர்சாவில் அறிவிப்பு வந்தபின் மட்டுமே. இரண்டு மூன்று வருடம் கழித்துப் பெரிய வங்கிக்கு மாற விண்ணப்பிக்கும்போது அந்தப் பட்டியலை முதல் பக்கத்தில் போடுங்கள், கல்வித் தகுதியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள்.