வீட்டுக் கணினிக்குக் கூடுதல் டிரைவ்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கணினியில் இடம் தீர்ந்துவிட்டது என்றதும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், "ஒரு டெராபைட் டிரைவ் கொடுங்கள்" என்று கேட்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. கடைக்காரரும் கையிருப்பில் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் கூடுதல் டிரைவை நாம் இரண்டு வேறுபட்ட தேவைகளுக்காக வாங்குகிறோம். ஒன்று, அன்றாடம் திறந்து மூடும் கோப்புகளுக்கு இடம் தருவது. மற்றொன்று, ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கு நகல் வைப்பது. குடும்பப் படங்களையெல்லாம் புதிய டிரைவுக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்தில் அழித்துவிட்டால், அவை அப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன; பாதுகாப்பு ஒரு துளியும் கூடவில்லை. ஆகவே வாங்கப்போவது இடத்துக்கா, நகலுக்கா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மற்ற எல்லாத் தேர்வுகளும் அதிலிருந்தே பிறக்கின்றன.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். மதர்போர்டில் காலியான சாட்டா போர்ட் (டிரைவின் கேபிளைச் செருகும் இடம்) இருக்கிறதா, பவர் சப்ளையிலிருந்து வரும் சாட்டா மின்கம்பியில் ஓர் இணைப்பு மீதம் இருக்கிறதா, மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க் உட்காரும் இடம் இருக்கிறதா என்று பார்த்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டால் கடையில் விளக்குவது எளிதாகும். டிரைவைத் தனியாக வாங்கும்போது சாட்டா கேபிள் பெரும்பாலும் அதனுடன் வராது என்பதால் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எம்.2 ஸ்லாட்டில்தான், அதாவது சிறு பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் டிரைவை) மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் இடத்தில்தான், பலரும் தடுமாறுகிறார்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஓடும் தொழில்நுட்பம் சாட்டாவாகவும் இருக்கலாம், அதைவிட வேகமான என்.வி.எம்.இ.யாகவும் இருக்கலாம், சில ஸ்லாட்டுகள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டுமே ஏற்கும். டிரைவின் இணைப்பு முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா, ஒன்றே இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ.; ஆயினும் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்வதே நல்லது. சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழந்துவிடும். அதுவும் அதே கையேட்டில்தான் இருக்கும். 2280 என்ற எண் 22 மி.மீ. அகலத்தையும் 80 மி.மீ. நீளத்தையும் குறிக்கிறது, மேசைக் கணினிகளில் பொதுவாகப் பொருந்துவது இந்த அளவுதான்.

இனி வேகம். ஹார்டு டிஸ்க் பெரிய கோப்புகளை நொடிக்கு ஏறத்தாழ 150 முதல் 250 எம்.பி. வரை கடத்தும், சாட்டா எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. அளவில் நின்றுவிடும், மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ. 3500 எம்.பி.யையும் நான்காம் தலைமுறை 7000 எம்.பி.யையும் ஒட்டி வரும். ஆனால் நான்காம் தலைமுறை டிரைவைப் பழைய மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் செருகினால் ஸ்லாட்டின் வேகம்தான் கிடைக்கும், கூடுதல் பணம் வீண். திருமண வீடியோ, படங்கள், பாடல்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள் ஆகியவற்றுக்கு ஹார்டு டிஸ்க்கே போதும் என்பது என் கருத்து. விண்டோஸ் இன்னமும் ஹார்டு டிஸ்க்கில் ஓடுகிற பழைய கணினியாக இருந்தால் நிலைமை வேறு: சிறிய சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றிவிட்டுப் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கோப்புகளுக்கு விட்டுவிடுவதைப் போலப் பயன் தரும் செலவு வேறில்லை.

ஹார்டு டிஸ்க் வாங்குகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: அது சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா? சி.எம்.ஆர். வகையில் தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் தனித்தனியே இருக்கும். எஸ்.எம்.ஆர். வகையில் அவை ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்திருப்பதால், ஒன்றைத் திருத்தி எழுத அருகில் உள்ளவற்றையும் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது; தொடர்ந்து எழுதும்போது வேகம் சட்டென்று சரிந்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசை டிரைவுகள் சிலவற்றில் இந்த முறையைச் சொல்லாமலே பயன்படுத்தியது 2020இல் வெளியாகிச் சர்ச்சையானது. எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலைத் தயாரிப்பாளர்களே வெளியிட்டது அதன் பிறகுதான். எப்போதாவது நகல் எடுத்துவைக்க மட்டும் என்றால் எஸ்.எம்.ஆர். பரவாயில்லை; அன்றாடம் எழுதுவதற்குச் சி.எம்.ஆரே வேண்டும்.

எஸ்.எஸ்.டி.யில் கேட்க வேண்டியது டி.எல்.சி.யா (சிப்பின் ஒவ்வொரு செல்லிலும் மூன்று பிட் வைப்பது), கியூ.எல்.சி.யா (நான்கு பிட் வைப்பது) என்பது. கியூ.எல்.சி. விலை குறைவு, ஆனால் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதித் தற்காலிக கேஷ் (எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி) நிரம்பியதும் ஹார்டு டிஸ்க்கைவிட மெதுவாகிவிடக்கூடும். டி.பி.டபிள்யூ. என்று குறிக்கப்படுவது, உத்தரவாதக் காலத்துக்குள் எழுத அனுமதிக்கப்படும் மொத்த அளவு. சாம்சங் 870 இவோ ஒரு டெராபைட் மாடலுக்கு இது 600 டெராபைட். வீட்டுப் பயன்பாட்டில் ஐந்தாண்டில் அதை எட்டுவது கடினம், ஆகவே இந்த எண்ணைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடக்கும் எஸ்.எஸ்.டி. மெல்ல மெல்லத் தரவை இழக்கும். வெப்பம் கூடக்கூட இழப்பும் விரைவாகும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த வீட்டு எஸ்.எஸ்.டி.க்கு ஜெடெக் என்ற சிப் தொழில் தர அமைப்பின் தரநிலை கேட்பது, 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காப்பதை மட்டுமே. புதிய டிரைவ் இதைவிட வெகுகாலம் தாங்கும் என்றாலும், சித்திரை, வைகாசியில் சென்னை வீட்டுப் பரண் 30 டிகிரியில் நிற்பதில்லை. எனவே பீரோவுக்குள் வைத்து ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கும் நகலுக்கு, வெளியில் இணைக்கும் ஹார்டு டிஸ்க்கையே நான் சொல்வேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த ஊர் இது. வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. நகல் டிரைவைக் கணினி மேசையின் கீழ் அறையில் வைக்காமல், மாடியில் உள்ள உறவினர் வீட்டிலோ வேறு பகுதியில் உள்ள பிள்ளைகள் வீட்டிலோ வைப்பது நல்லது.

வெளி டிரைவில் இரண்டரை அங்குல வகை யு.எஸ்.பி. மின்சாரத்திலேயே ஓடும், மூன்றரை அங்குல வகைக்குத் தனி அடாப்டர் வேண்டும். கணினியின் யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் செருகினால் எந்த டிரைவும் நொடிக்கு 40 எம்.பி.யைத் தாண்டாது.

ஒரு டெராபைட் டிரைவை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும், அது ஏமாற்று அல்ல, கணக்கிடும் முறையின் வேறுபாடு. இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் முதன்முறை திறக்கும்போது, டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறையாக ஜி.பி.டி.யைத் தேர்ந்தெடுங்கள், பழைய முறையான எம்.பி.ஆரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட இடம் கைக்கு வராது.

கடையில் ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள்; அதில் டிரைவின் சீரியல் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டி இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைப்பவை, பழைய கணினியிலிருந்து கழற்றியவையாகவோ கணினி நிறுவனங்களுக்கென்று தயாரானவையாகவோ இருக்கலாம். அவற்றுக்குத் தயாரிப்பாளரின் நேரடி உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். பணம் கொடுக்கும் முன்பே தயாரிப்பாளரின் இணையதளத்தில் சீரியல் எண்ணை இட்டு, இந்தியாவில் உத்தரவாதம் எதுவரை என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் இயங்கிய மணி நேரத்தைப் பாருங்கள். புதிய டிரைவில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் அந்த எண்ணைத் திருத்தி அழிக்கவும் முடியும் என்பதால் அதை மட்டுமே நம்பிவிடக் கூடாது. பெயர் தெரியாத நிறுவனத்தின் பல டெராபைட் எஸ்.எஸ்.டி.யை மிக மலிவாக வாங்கியிருந்தால், ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சரிபாருங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி டிரைவ் அங்கேயே வெளிப்பட்டுவிடும். பெரிய டிரைவுக்கு இது இரவு முழுவதும் ஓடக்கூடும். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்து முடித்து, அதன் பிறகே கோப்புகளை அதில் ஏற்றுங்கள்.