நிலவறைக்கு மேலே ஏறிப் போய் பீர் குடிப்பது எப்படி?

ஜெர்மனியில் எர்லாங்கனுக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா பற்றித்தான். நான் அவர்களை எதிர்த் திசையில், பம்பெர்க் போகிற ரயிலில் ஏற்றிவிடுவேன். அரை மணி நேரம் போதும்.

பவேரியா மாநிலத்தின் வடக்குப் பக்கம் ஃபிராங்கோனியா. அதிலும் மேல் ஃபிராங்கோனியாவில் மட்டும் 150க்கு மேல் ப்ரூவரிகள், அதாவது பீர் காய்ச்சும் இடங்கள், இருக்கின்றன. பல ஊர்களில் பீர் அந்த ஊர் எல்லையைத் தாண்டுவதே இல்லை. காய்ச்சுகிற குடும்பமே முன்கட்டில் சாப்பாட்டுக் கடையும் நடத்தும், பீர் அங்கேயே தீர்ந்துவிடும். அதனால் கடையில் பாட்டில் தேடிப் பயனில்லை, நாம்தான் நேரில் போக வேண்டும். ஒன்று மட்டும்: அங்கே போய் 'கிராஃப்ட் பீர்', அதாவது சிறிய அளவில் கைப்பக்குவமாகக் காய்ச்சிய பீர், இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்த பார்வை, நம் ஊர் மெஸ்ஸில் 'கையால் செய்த இட்லி கிடைக்குமா?' என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி இருந்தது.

மாம்பழம், காபி போட்ட பீரெல்லாம் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர், பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று 1516இல் பவேரியாவில் சட்டம் போட்டார்கள். பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் என்ன செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது, பட்டியலில் அது பிறகுதான் சேர்ந்தது. இந்த நாலே பொருளில் ஊருக்கு ஊர் ருசி எப்படி மாறுகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய விஷயம். பருப்பு, புளி, மிளகாய், உப்பு நாலும் ஒன்றாக இருந்தாலும் சாம்பார் வீட்டுக்கு வீடு வேறாக இருப்பதில்லையா?

பம்பெர்க் ஸ்டேஷனிலிருந்து பழைய நகரத்துக்கு நடந்து போகிற வழியிலேயே ஸ்பெட்சியல் வந்துவிடும். 1536இலிருந்து இருக்கிற ப்ரூவரி. புகைவாசம் உள்ள ரவுக்பீர் குடித்துப் பழகுகிறவர்கள் இங்கே தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, பீச் மரக்கட்டை நெருப்பில் உலர்த்துவதால் வருகிற வாசம் அது. ஒரு காலத்தில் விறகில் உலர்த்திய எல்லா பீரிலும் இந்தப் புகை இருந்தது. சூடான காற்றில் உலர்த்தும் முறை வந்த பிறகு மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ஸ்பெட்சியலும் இதே ஊரின் இன்னொரு ப்ரூவரியான ஷ்லெங்கர்லாவும் மட்டும் விடாமல், இன்றும் தங்கள் மால்ட்டைத் தாங்களே புகைபோடுகிறார்கள். ஸ்பெட்சியலில் புகை மெலிதுதான். அடுத்து, எதிர்ப்பக்கம் ஃபெஸ்லாவில் ஒரு சாதாரண பீர் குடித்து வாயைக் கழுவிக்கொள்ளுங்கள். அப்புறம்தான் ஆற்றைத் தாண்டி, பெரிய தேவாலயத்தின் அடிவாரத்தில் இருக்கும் ஷ்லெங்கர்லா.

அங்கே மெர்ட்சன் என்று கேளுங்கள், அவர்களுடைய ரவுக்பீர் அது. கிட்டத்தட்டக் கறுப்பு நிறம், 5.1 சதவீதம் ஆல்கஹால், மரப் பீப்பாயிலிருந்து நேராக இறங்கும். முதல் வாயில் தென்காசி நண்பன் கத்தியே விட்டான்: "என்னல மாப்ள இது, மாசிக் கருவாட்டக் கரைச்சு ஊத்துனாப்ல இருக்கு!" தப்பில்லை. எனக்கு முதல் தடவை, விறகடுப்பில் வெந்நீர் போடும் பாட்டி வீட்டுப் பின்கட்டுதான் ஞாபகம் வந்தது. முதல் வாயை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் ருசி விநோதமாக இருந்தாலும் நிறுத்தாதே என்று அவர்கள் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பாதிக் கோப்பையில் மூக்கு பழகி, புகைக்குப் பின்னால் இருக்கிற மால்ட்டின் இனிப்பு தெரிய ஆரம்பிக்கும்.

வழக்கமான அளவு அரை லிட்டர். பேச்சு வழக்கில் 'சைட்லா' என்பார்கள். மூன்று கடை ஏறினால் ஒன்றரை லிட்டர் ஆகிவிடும், ஜாக்கிரதை. இதற்கு ஒரு வழி உண்டு: 'ஷ்னிட்' என்று கேட்டால் கோப்பையைச் சட்டென்று நுரை பொங்க ஊற்றித் தருவார்கள், பீர் பாதியளவுதான் இருக்கும். கிளம்பும் முன் கடைசியாகக் குடிப்பதற்கான வழக்கம் அது. நான் கடைசிக் கடைக்கு வைத்துக்கொள்வேன். நீங்கள் எத்தனை குடித்தீர்கள் என்பது உங்கள் அட்டையில் பேனாக் கோடாக விழும், அதைத் தொலைக்காதீர்கள். கையில் ரொக்கம் வேண்டும். காலி மேஜையைப் பார்த்து அவசரப்பட்டும் உட்காராதீர்கள். ஒரு கிராமத்தில் நான் உட்கார்ந்தது ஊர்ப் பெரியவர்களின் 'ஸ்டாம்டிஷ்', அதாவது வழக்கமாக வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய மேஜை. எழுப்பிவிட்டார்கள். மேஜை நடுவில் பெயர்ப்பலகை இருந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

வெயில் காலம் என்றால் ஊருக்குள் உட்காரவே வேண்டாம், 'கெல்லர்' போங்கள். கெல்லர் என்றால் நிலவறை. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் மலைச்சரிவின் மணற்கல்லைக் குடைந்து பீப்பாய்களை வைத்தார்கள். உள்ளே சூடு ஏறாமல் இருக்க மேலே நிழல் மரங்கள் நட்டார்கள். அப்புறம் அந்த நிழலில் பெஞ்சு போட்டு அங்கேயே குடிக்கத் தொடங்கினார்கள். அதனால்தான் இங்கே யாரும் நிலவறைக்கு 'உள்ளே' போவதாகச் சொல்வதில்லை, 'மேலே' போகிறோம் என்பார்கள். ஸ்பெட்சியலின் கெல்லரில் சாயங்காலம் உட்கார்ந்தால் பம்பெர்க்கின் கூரைகள் எல்லாம் காலடியில் கிடக்கும். வடிகட்டாத பீரை மண்சாடியில் தருவார்கள். வாயு குறைவு, வயிறு உப்பாது.

கெல்லரில் நமக்குப் பெரிய வசதி, பல இடங்களில் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். பீர் மட்டும் அங்கே வாங்க வேண்டும். என் மனைவி புளியோதரையும் மிளகு வடையும் கட்டித் தருவாள். பக்கத்து மேஜைத் தாத்தா ஒருவர் வடையை வாங்கிக் கடித்துவிட்டு, பதிலுக்குத் தன் முள்ளங்கியில் பாதியை நறுக்கிக் கொடுத்தார். சைவக்காரர்கள் வெறுங்கையோடு போனால் 'கெருப்ஃப்டர்' கேளுங்கள்: வெண்ணெயும் வெங்காயமும் பிசைந்த சீஸ், ரொட்டியோடு.

ஒரு முழு நாள் இருந்தால் ஆவ்ஃப்ஸெஸ். 1,500 பேர்கூட இல்லாத ஊராட்சியில் நான்கு ப்ரூவரி, அதற்காகவே கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறிய ஊர். நான்கையும் வயல், காடு வழியாக ஒரு நடைபாதை இணைக்கிறது. வார விடுமுறை எந்தக் கடைக்கு எந்த நாள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஒருமுறை நான் பார்க்காமல் போய், மூடிய இரண்டு கதவுகளைத் தட்டிவிட்டு வந்தேன். கார் ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சைக்கிள் ஓட்டினாலும் போலீஸ் பிடிக்கும், அது பலருக்குத் தெரியாது.

ஊருக்கு வாங்கிப் போக ஷ்லெங்கர்லா பாட்டிலாகவே கிடைக்கும். இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுபோகலாம், அதாவது அரை லிட்டர் பாட்டில் நான்கு. வேட்டியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். தென்காசிக்காரன் ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி நினைவுபடுத்துகிறான்: நாலும் மாசிக் கருவாடே இருக்கட்டுமாம்.