பல் வெளுத்த கையோடு கவுனி அரிசி வேண்டாம்

கல்யாணத்துக்கு முன்னால் பல்லுக்கு ப்ளீச்சிங் செய்துகொள்வது காரைக்குடிப் பக்கமும் வந்தாச்சு. பந்திக்குச் சமைக்கிற என்னிடம், பொண்ணு இலையில் என்ன வைக்கலாம் என்று கேட்கிறார்கள்.

முதல் 48 மணி நேரம்தான் முக்கியம். ப்ளீச்சிங் மருந்தான பெராக்சைடு பட்ட எனாமல், அதாவது பல்லின் மேல் ஓடு, அப்போது சாயத்தைச் சட்டென்று பிடிக்கும். கவுனி அரிசியை ஊறவைத்த தண்ணீரைப் பாருங்கள், ஊதா மை மாதிரி இருக்கும். அது வேண்டவே வேண்டாம். கோழிக் குழம்பு, காபி, வெற்றிலை பாக்கும் தள்ளி வையுங்கள். வெள்ளைப் பணியாரம் தாராளமாகத் தரலாம். வரமிளகாய்ச் சட்னிக்குப் பதில் தேங்காய்ச் சட்னி. இடியாப்பம், தேங்காய்ப் பால், தயிர் சோறு. நம்ம அடுப்படியில் வெள்ளைக்கு என்ன பஞ்சம்?

புளிப்பு சாப்பிட்டதும் பல் தேய்க்காதீர்கள். வாய் கொப்பளித்து, அரைமணி கழித்துத் தேயுங்கள். கரித்தூள், உப்பு என்று அப்பத்தா சொன்னாலும் கேட்க வேண்டாம், எனாமல் தேயும்.

காம்போசிட், அதாவது பல் நிறத்தில் டாக்டர் வைக்கும் பிசின், ஒட்டிய பல் வேறு கணக்கு. ப்ளீச்சிங் அதை வெளுக்காது. கறை ஏறினால் டாக்டர்தான் பாலிஷ் போடணும், இல்லை மாற்றணும். அதனால் முதலில் ப்ளீச்சிங், இரண்டு வாரம் விட்டு, நிறம் நிலைத்ததும் காம்போசிட். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷை நாள்கணக்கில் கொப்பளித்தாலும் பழுப்பு ஏறும். டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள்.